ஏகமனதாக

தமயந்தி சம்மதித்துவிட்டாளாம். இந்தச் சேதி தமயந்திக்கே செவ்வாய்க்கிழமை காலையில், ஆபீசுக்கு வந்து கணினியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

'மடிச்சூடு: இறுதி ஒப்புதல் வெள்ளிக்கிழமை நிறைவேறியது. வடிவமைப்பு, கொள்முதல், சோதனை, திட்டத் தலைமை ஆகிய நான்கு பிரிவுகளும் ஏகமனதாகச் சம்மதம்' என்று திரையில் இருந்தது. சோதனை என்ற சொல்லுக்கு நேரே அவள் பெயர், பெயருக்குக் கீழே அவள் கையெழுத்து. சனி, ஞாயிறோடு திங்கட்கிழமை விடுமுறையும் சேர்ந்துகொண்டதால் மூன்று நாளாக அவள் இதைப் பார்க்கவே இல்லை.

மடிச்சூடு என்பது எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகளைப் படுக்கவைத்து மேலிருந்து இளஞ்சூடு காட்டும் மெஷின். குழந்தையின் வயிற்றில், உடம்புச் சூட்டை அறியும் ஒரு சின்ன உணரியைப் பட்டை போட்டு ஒட்டுவார்கள். உடம்பு குளிர்ந்தால் மெஷின் சூட்டைக் கூட்டும், சூடானால் குறைக்கும். போன வாரம் முழுக்கத் தமயந்தி அதன் முன்னாலேயே கிடந்தாள். வெந்நீர் நிரப்பிய ரப்பர்க் குழந்தையைக் கிடத்தி, அதன் வயிற்றை வேர்வை போல நனைத்துப் பார்த்தாள். ஈரம் பட்டதும் பட்டை உரிந்துவிட்டது. உரிந்த உணரி காற்றில் கிடந்து குளிர, குழந்தைதான் குளிர்ந்துபோனது என்று மெஷின் நினைத்துக்கொண்டு சூட்டை ஏற்றிக்கொண்டே போனது. ரப்பர் வயிறு கொப்பளித்ததை அவள் தன் கண்ணால் பார்த்தாள். பார்த்த கையோடு, மீட்டிங்கில் தனக்காகப் பேசும் கணினிப் பதிலியைக் கூப்பிட்டு, "இத வெளிய அனுப்பவே கூடாது. யாரு என்ன சொன்னாலும் ஒத்துக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அந்தப் பதிலிதான் அவள் பெயரால் சம்மதித்திருக்கிறது. கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

திட்டத் தலைவர் பிரபுராமின் அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தாள். எதற்கும் குரலை உயர்த்தாத மனிதர் அவர். வீடு பற்றி எரிந்தால்கூட, தீயணைப்பு வண்டி வரட்டும், பொறுமையாகப் பேசிக்கொள்ளலாம் என்பார்.

"யாருங்க சார் ஒத்துக்கிட்டது?"

"உக்காருங்க மேடம். தண்ணி குடிங்க."

"தண்ணி வேண்டாங்க. நான் வேண்டாம்னு சொன்னது உங்களுக்கு வந்துச்சா, வரலீங்களா?"

"வந்துச்சுங்க. உங்க பதிலி நல்லாத்தான் சண்டை போட்டுச்சு. பட்டை உரியுதுன்னு சொல்லுச்சு, படமெல்லாம் காட்டுச்சு. மத்த மூணு பதிலியும் பேசினதுக்கப்பறம் சரின்னுருச்சு."

"எதுக்குமே ஒத்துக்காதன்னு சொல்லிட்டுப் போனேனுங்க நான்."

"அத நீங்க கோவத்துல சொன்னதா அது எடுத்துக்கும் மேடம். இன்னைக்கு நீங்க சொல்றத மட்டும் பேசறதுக்கு டேப் ரிக்கார்டர் போதுமுங்களே. நீங்க எப்படிப்பட்ட ஆளோ, அந்த மாதிரி பேசோணும்னுதானே அத வாங்கினோம்."

வாங்கியபோது தமயந்தியும் கைதட்டியவள்தான். புதிதாக ஒரு பொருளைச் செய்கிற கம்பெனியில் பாதி நாள் மீட்டிங்கிலேயே போய்விடும். வடிவமைப்பாளர் ஒன்று சொல்வார், சாமான் வாங்குகிறவர் ஒன்று சொல்வார், சோதிப்பவள் இரண்டையும் மறுப்பாள். இந்த இழுபறி வேண்டாம் என்றுதான் ஆளுக்கொரு பதிலி வந்தது. ஒவ்வொருவரும் பழைய மீட்டிங்குகளில் பேசிய பேச்சையெல்லாம் அதற்கு ஊட்டி வளர்த்தார்கள். இப்போது பதிலிகள் தங்களுக்குள் கூடிப் பேசிக் கண் மூடித் திறப்பதற்குள் முடிவெடுத்துவிடும். மனிதர்கள் அவரவர் மேசையில் அவரவர் வேலையைப் பார்க்கலாம். எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது.

"உங்க பழைய மீட்டிங் எல்லாத்தையும் அது கேட்டிருக்குதுங்க" என்றார் பிரபுராம். "ஒண்ணுல கூட நீங்க கடைசி வரைக்கும் மறுத்ததில்லை. மொதல்ல ஒரு ஆட்சேபம் சொல்வீங்க, சித்த நேரம் பேசுவீங்க, அப்பறம் சரின்னுருவீங்க. வேணும்னா போட்டுக் காட்டட்டுங்களா?"

போட்டே காட்டினார். 'சரிங்க சார், சோதனைப் பிரிவுக்குச் சம்மதம்' என்று அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. அடுத்த மீட்டிங்கில் அதே குரல், அதற்கடுத்ததிலும் அதேதான்.

பொய் என்று சொல்ல வழியில்லை. ஆனால் அந்தச் சம்மதங்கள் மீட்டிங் அறையிலா பிறந்தன? கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒரு பேக்கரி இருந்தது. எந்த மீட்டிங்குக்கும் முதல் நாள் அவளும், வடிவமைப்பு இர்ஃபானும், கொள்முதல் நாச்சிமுத்துவும் தேங்காய் பன்னும் டீயுமாக அங்கே நின்றுகொண்டு அடித்துக்கொள்வார்கள். அதுதான் அசல் சண்டை. இர்ஃபான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு முறைத்துக்கொண்டு போவான், போனவன் ராத்திரியோடு வரைபடத்தைத் திருத்திக்கொண்டு வருவான். "அந்த சாமான் என் தலைய வெட்டினாலும் கெடைக்காது அம்மணி" என்பார் நாச்சிமுத்து, மறுநாளே எங்கிருந்தோ அதைக் கொண்டுவந்து நிற்பார். எல்லாம் தீர்ந்த பிறகுதான் மீட்டிங்குக்குப் போவார்கள். மேலே இருப்பவர்கள் முன்னால் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அந்த மூன்று பேருடைய எழுதாத சட்டம். அதனால் அங்கே ஒப்புக்கு ஓர் ஆட்சேபம் சொல்வாள், அப்புறம் சம்மதம் என்பாள். மீட்டிங் அறையில் மைக் இருந்தது. பேக்கரியில் இல்லை. கேட்டதைத்தானே பதிலி கற்றுக்கொள்ளும், பாவம்.

பதிலிகள் வந்த பின்பு மீட்டிங் நின்றது. மீட்டிங் நின்றதும் பேக்கரிக்குப் போகவும் யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. ஒரே மாடியில் உட்கார்ந்திருந்தும் இர்ஃபானிடம் முகம் பார்த்துப் பேசி மாசக்கணக்கில் ஆகிவிட்டது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இப்ப நேர்ல வந்து சொல்றேன். நான் ஒத்துக்கல. நிறுத்துங்க சார்."

"மறுபரிசீலனைக்குப் போடறேனுங்க" என்று பிரபுராம் திரையைத் தொட்டார். அவள் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் பதில் வந்துவிட்டது. அதைப் படித்த பிரபுராமின் முகம் சுண்டிப்போனது. "தள்ளுபடி ஆயிருச்சுங்க. நாலு ஓட்டும் எதிர்ப்பு."

"நாலா? அதுல ஒண்ணு என்னோடதுங்களே."

"உங்க பதிலியும் உங்களுக்கு எதிராத்தான் போட்டிருக்குதுங்க. இது தற்காலிகக் கோபம், தமயந்தியின் இயல்புக்குப் பொருந்தவில்லைன்னு குறிப்பு வேற எழுதியிருக்குது."

தமயந்தி எழுந்துவிட்டாள். பதினைந்து வயதுப் பெண்ணின் அம்மா அவள். 'நீ கோபத்தில் பேசுகிறாய்' என்று சொல்லி வாயை அடைக்கும் வித்தையைப் புருஷனிடம் கேட்டிருக்கிறாள், பழைய மேலதிகாரிகளிடமும் கேட்டிருக்கிறாள். இன்றைக்கு அவளே அவளிடம் சொல்கிறாள். இதைவிட ஓர் அவமானம் உண்டா?

"மெஷின் எதாவது போயிருச்சுங்களா?"

பிரபுராம் கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சனிக்கிழமையே போயிருச்சுங்க. மலையடிவாரத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு. மிச்சமெல்லாம் இன்னைக்கு மத்தியானம் குடோன்ல இருந்து கெளம்புது."

அவள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்துக்கொண்டே வெளியே வந்தாள். மணி அடித்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. நேரே இர்ஃபானின் மேசைக்குப் போனாள். அவளைக் கண்டதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஏன் இர்ஃபான், மேல இருந்து கொழந்தையப் பாக்கற ரெண்டாவது உணரி ஒண்ணு வெச்சிருந்தியே. பட்டை உரிஞ்சாலும் அது காட்டிக் குடுத்திருக்குமே. அத எதுக்கு எடுத்த?"

"நான் எடுக்கலக்கா" என்றான் அவன், குரல் கசந்து. "எடுக்கவே கூடாதுன்னு பதிலிகிட்டத் தலைகீழா நின்னேன். நாச்சிமுத்தண்ணன் உரியாத நல்ல பட்டையா வாங்கித் தர்றாரு, அதனால அது வேண்டாம்னு முடிவாயிருச்சு. டெஸ்டிங்கும் ஓகே சொல்லிட்டாங்கன்னு உங்க பேரப் போட்டிருந்துச்சு. நீங்களே ஓகே சொன்ன பொறவு நான் என்ன பண்றது? அக்கா ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்காமப் போயிட்டாங்களேன்னு மூணு நாளா எனக்கு ஆறலீங்க்கா."

"நான் ஓகே சொல்லலடா."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். இரண்டு பேருமாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கி நாச்சிமுத்துவிடம் போனார்கள். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கும் மனிதர், யாரிடமும் கோபத்தை ஒளிக்கத் தெரியாதவர்.

"வாங்க, வாங்க. இப்பத்தான் என்ற நெனப்பு வந்துச்சாக்கும்" என்றார். "இந்த மட்டப் பட்டை வேண்டாம், ஈரத்துக்கு நிக்காது, நல்லது வர ஒரு மாசம் ஆகும்னு நானுந்தான் சொன்னேன். இர்ஃபான் ரெண்டாவது உணரி வெச்சிருக்கறான், பட்டை எதுவா இருந்தாலும் பரவாயில்லைன்னு என்ற பதிலி ஒத்துக்கிச்சு. அப்பறம் பாத்தா உணரியும் இல்லையாமா. என்னப்பா வேலை செய்யறீங்க நீங்கள்ளாம்?"

அவன் உணரியை விட்டது இவருடைய பட்டையை நம்பி. இவர் பட்டையை விட்டது அவனுடைய உணரியை நம்பி. இருவரையும் நம்பித் தமயந்தி சம்மதித்தாள். மன்னிக்கவும், இவர்கள் யாரும் எதையும் விடவில்லை, யாரும் யாரையும் நம்பவும் இல்லை. இவர்களுடைய பழைய நல்ல குணங்களை வைத்துக்கொண்டு மூன்று பதிலிகள் ஒன்றுக்கொன்று மரியாதை செய்துகொண்டன. உரியவர்களுக்கே தெரியாத இந்த மரியாதைக்குப் பெயர் குழுப்பணியாம்.

மூன்று பேரும் ஒட்டுக்கா மாடி ஏறியபோது பிரபுராம் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"நாங்க மூணு பேருமே ஒத்துக்கலீங்க" என்றார் நாச்சிமுத்து. "நீங்க எப்படிங்க சார் கையெழுத்துப் போட்டீங்க?"

பிரபுராம் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நானும் போடலீங்க."

"அப்படீன்னா?"

"ஒரு மாசம் தள்ளிப் போடச் சொல்லித்தான் நானும் சொன்னேன். எனக்கே மனசு ஒப்பல. ஆனா மூணு பிரிவும் சரின்னு சொல்லி நான் எந்நாளும் நிறுத்தினது இல்லையே. அதனால என்ற பதிலியும் நிறுத்தல."

"காலைல நான் வந்து கத்தினேனே, அப்பச் சொல்றதுக்கென்னங்க?" என்று கேட்டாள் தமயந்தி.

"நீங்க மட்டுந்தான் மனசு மாறி வந்திருக்கீங்கன்னு நெனச்சேனுங்க. மத்த ரெண்டு பேரும் தைரியமா இருக்கறப்ப நான் மட்டும் பயந்தாங்கொள்ளின்னு பேர் வாங்கோணுமான்னு இருந்துட்டேன்." அவர் குரல் முதல் தடவையாக உடைந்தது. "தப்புங்க."

நாலு பேரும் வேண்டாம் என்றிருக்கிறார்கள். நாலு வேண்டாமும் சேர்ந்து ஏகமனதாக ஒரு வேண்டும் ஆகிவிட்டது. இந்த அநியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்ல? எதிராளி யார் என்று கேட்டால் யாரைக் காட்ட?

நாச்சிமுத்து அங்கேயே நின்றுகொண்டு குடோனுக்குப் போன் போட்டார். "ஒரு வண்டியும் கெளம்பக் கூடாது. நாந்தான் நாச்சிமுத்து பேசறேன்."

"எந்த நாச்சிமுத்துங்க?" என்றான் குடோன்காரன். "இப்பத்தான் நீங்க சீக்கிரம் அனுப்பச் சொல்லிச் சேதி போட்டீங்க. எது நீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

அதற்கு நாச்சிமுத்து சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. அவன் பரம்பரையில் ஒருத்தரை விடவில்லை. எதிர்முனை, "சரிங்கண்ணா, நீங்கதான். வண்டிய நிறுத்திடறேன்" என்றது. பிரபுராம் தானும் போனை வாங்கி, தன் பொறுப்பில் நிறுத்துவதாகச் சொன்னார். அவர் அப்படிச் சொல்லி அந்தக் கட்டிடத்தில் யாரும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரி மட்டும் இன்னும் போனை எடுக்கவில்லை. நாச்சிமுத்துவின் காரில் நாலு பேரும் கிளம்பினார்கள். வழி முழுக்க, அந்த மெஷினில் இன்னும் எந்தக் குழந்தையையும் படுக்க வைத்திருக்கக் கூடாதே என்று தமயந்தி தனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். லீவு நாள்தானே, பிரித்திருக்கவே மாட்டார்கள் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். லீவு நாளில் குழந்தை பிறக்காதா என்ன?

குழந்தைகள் வார்டில் குணவதி என்ற நர்ஸ் இருந்தார். தமயந்தி பெயரைச் சொன்னதுதான் தாமதம், அவர் கையிலிருந்த தட்டை மேசையில் பட்டென்று வைத்தார்.

"ஓ, நீங்கதானா அது? நேராவே வந்துட்டீங்களே. நல்ல தைரியந்தான்."

"சிஸ்டர், அந்த மெஷின்ல யாரையும்..."

"நேத்து ராத்திரி ஒரு ஆம்பளக் கொழந்தையப் படுக்க வெச்சோம். பட்டை கழண்டது தெரியல, போர்வை மறைச்சிருந்துச்சு. அது வீல்னு கத்தவும் ஓடிப்போய்த் தூக்கினேன். வயித்துல தோல் வெந்து போச்சு. நான் பக்கத்து அறைல இருந்திருந்தா இன்னைக்குப் பொணத்தத்தான் குடுத்திருப்போம்." அவர் தன் போனை எடுத்து நீட்டினார். "காலைல உங்க கம்பெனிக்குப் புகார் எழுதினேன். நீங்க எழுதின பதிலப் படிங்க. நீங்களே படிங்க."

தமயந்தி படித்தாள். 'எங்கள் சோதனைகளில் கருவியில் எந்தக் குறையும் காணப்படவில்லை. பட்டையை முறையாக ஒட்டாததே காரணம். சம்பந்தப்பட்ட செவிலியருக்குப் பயிற்சி தேவை. தமயந்தி, சோதனைப் பிரிவு.' அவள் பிரபுராமின் அறையில் நின்று கத்திக்கொண்டிருந்த அதே காலையில்தான் அவள் பதிலி இதை அனுப்பியிருக்கிறது.

"இத வெச்சுக்கிட்டு டாக்டர் எங்கிட்ட வெளக்கம் கேக்கறாருங்க" என்றார் குணவதி. கண்ணில் நீர் கட்டிவிட்டது. "எனக்குப் பட்டை ஒட்டத் தெரியாதா? கொழந்தையக் கையில தூக்கினவ நானு. ஏசி ரூம்ல உக்காந்துட்டு எம்மேல பழி போட உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

நான் எழுதவில்லை என்று தமயந்தியின் நாக்கு நுனிவரை வந்தது. கீழே அவள் பெயர்தான் இருந்தது. அவள் டாக்டரின் அறைக்குப் போய், நோயாளிகள் நிற்கும்போதே சொன்னாள். "மெஷின்லதாங்க கொறை. எனக்கு அது போன வாரமே தெரியும். சிஸ்டர் மேல ஒரு தப்பும் இல்லை. இத எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்." இதற்குள் இர்ஃபான் மெஷினின் வயரைப் பிடுங்கி, மறுபடி யாரும் மாட்ட முடியாதபடி வேரோடு அறுத்திருந்தான். அவன் செய்த முதல் மெஷின் அது. அறுத்து முடித்ததும் நாச்சிமுத்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கோடிக் கட்டிலில் அந்தக் குழந்தையின் தாய் இருந்தாள். இருபது, இருபத்தொரு வயசிருக்கும். பிள்ளையை மார்போடு அணைத்து வைத்திருந்தாள். அதன் உள்ளங்கை அளவு வயிற்றை மறைத்து ஒரு வெள்ளைக் கட்டு இருந்தது. நாலு பேரும் கட்டிலுக்கு அருகே போய் நின்றார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"கம்பெனிக்காரங்களா?"

"ஆமாங்க" என்றார் பிரபுராம்.

"இந்த மெசின் நல்லாருக்குது, கொழந்தையப் படுக்க வெக்கலாம்னு சொன்னது உங்கள்ல யாருங்க?"

அவள் கத்தவில்லை, சாபமிடவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்வதென்றால் ஒரே பதில்தான் இருந்தது: யாருமே சொல்லவில்லை. சத்தியமான பதில். சாட்சிக்கு நாலு பேர் அங்கேயே நிற்கிறார்கள். ஆனால் வயிறு வெந்த பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பவள் முகத்தைப் பார்த்து, இதை யாரும் செய்யவில்லையம்மா, தானாக நடந்துவிட்டது என்று சொல்வதற்கு என்ன மாதிரி வாய் வேண்டும்?

"நாந்தாங்க சொன்னேன்" என்றாள் தமயந்தி.

குழந்தை சிணுங்கியது. கட்டு உரசாமல் அந்தப் பெண் அதை மெல்ல மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்ப நீங்க இங்கயே இருங்க" என்றாள். "நேத்து ராத்திரில இருந்து இவன் பால் குடிக்கல. இவன் குடிக்கற வரைக்கும் எங்கயும் போகக் கூடாது."

தமயந்தி கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.